பாசி மெத்தை போனபின்: அலாஸ்கா உறைமண்ணில் காடும் வயலும்

அலாஸ்காவின் உட்பகுதியில் உள்ள ஃபேர்பேங்க்ஸ் நகரின் ஓரத்தில், பக்கத்துக்கு 61 மீட்டர் அளவுள்ள மூன்று சதுர நிலத்துண்டுகள் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைமண்ணின் மேல் சாலையும் கட்டடமும் போட்டால் அடியில் என்ன ஆகும் என்று அறிய, 1946-இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை அவற்றை ஒதுக்கியது. முதல் துண்டில் கறுப்பு ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடு அப்படியே விடப்பட்டது. இரண்டாவதில் மரமும் புதரும் வெட்டப்பட்டன. வேரும் பாசி மெத்தையும் தரையிலேயே இருந்தன. மூன்றாவதில் மரம், வேர், பாசி, மட்கு எல்லாவற்றையும் கனிம மண் தெரியும்வரை வழித்தெடுத்தார்கள்.

கட்டுமானத்துக்காகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, குளிர்நில மண்ணுயிர் ஆய்வுக்கு ஒரு கொடையாக அமைந்துவிட்டது. காட்டை வயலாக்கும்போது மரம் வெட்டுவது, பாசியை உரிப்பது, உழுவது, உரமிடுவது ஆகிய நான்கும் ஓரிரு ஆண்டுக்குள் சேர்ந்தே நடந்துவிடும். எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே முதல் இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன.

எங்கள் வாதம் இதுதான்: வடகுளிர் நிலத்தில் மண்ணுயிர்களின் போக்கைத் தீர்மானிப்பது கலப்பையைவிட, தரைமேல் கிடக்கும் பாசி மெத்தைதான். மெத்தை இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் கேட்காத எந்த ஒப்பீடும் குழப்பத்தில்தான் முடியும்.

உறைமண் இறங்கிய ஆழம்

ஃபேர்பேங்க்ஸின் ஆண்டுச் சராசரி வெப்பம் மைனஸ் 2 முதல் மைனஸ் 3 டிகிரி செல்சியஸ். ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து நீரளவில் சுமார் 280 மில்லிமீட்டர். உறைமண் எல்லா இடத்திலும் இல்லை. வடக்குச் சரிவிலும் தாழ்விலும் இருக்கும், தெற்குச் சரிவில் பெரும்பாலும் இருக்காது. மேலே கிடப்பது டனானா ஆற்றுப் படுகையிலிருந்து காற்று வாரிவந்து கொட்டிய நுண்வண்டல்.

பாசி மெத்தை கோடையில் காய்ந்து, காற்று நிறைந்து கிடக்கும்; வெயிலின் சூடு அதைத் தாண்டிக் கீழே போவது கடினம். இலையுதிர் காலத்தில் மழையில் நனைந்து, பிறகு உறையும். தண்ணீரைவிடப் பனிக்கட்டி ஏறத்தாழ 4 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், குளிர்காலத்தில் அதே மெத்தை வழியாக மண்ணின் சூடு வெளியேறிவிடும். கோடையில் கதவு சாத்தி, குளிரில் திறந்துவிடும் இந்த ஏற்பாட்டால்தான் சராசரி வெப்பம் உறைநிலைக்குச் சற்றே கீழே இருக்கும் ஊரிலும் உறைமண் தாக்குப்பிடிக்கிறது.

1946-இலிருந்து 26 ஆண்டு கழித்து அளந்தபோது, காடு விடப்பட்ட துண்டில் உறைமண் மட்டம் கீழே இறங்கவில்லை. மரம் மட்டும் வெட்டிய துண்டில் 4.7 மீட்டர் ஆழத்துக்கும், வழித்தெடுத்த துண்டில் 6.7 மீட்டர் ஆழத்துக்கும் அது இறங்கியிருந்தது. 2007 வாக்கில் வழித்த துண்டில் 9.8 மீட்டர்.

இந்த எண்களில் நுண்ணுயிர் பார்வையில் முக்கியமான ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் மேலிருந்து உறைவது ஓரிரண்டு மீட்டர்தான். உறைமண் மட்டம் 6 மீட்டருக்குக் கீழே போய்விட்டால், நடுவில் உள்ள பல மீட்டர் மண் ஆண்டு முழுவதும் உறையாமலே கிடக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டு உறைந்திருந்த கரிமத்தை அங்குள்ள உயிர்கள் ஜனவரியிலும் தின்னும். கோடையில் மேல்மண்ணை மட்டும் தோண்டிப் பார்ப்பவர் கண்ணில் இந்தப் பகுதி படவே படாது.

மரம் போனால் யார் பட்டினி?

கறுப்பு ஸ்புரூஸ் காட்டின் மட்கு அமிலமானது, பி.எச். 4-க்கும் 5-க்கும் இடையில் நிற்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும் புரதமாகவும், டானின்களோடு பிணைந்த கூட்டுப்பொருளாகவும் பூட்டிக் கிடக்கிறது. அதை உடைப்பதில் முன்னணியில் இருப்பவை வேர்ப்பூஞ்சைகள். ஸ்புரூஸ், பிர்ச் வேர்நுனிகளுக்கு உறைபோட்டு வாழும் வகை ஒன்று. காட்டு புளூபெர்ரி, லிங்கன்பெர்ரி, லாப்ரடார் தேயிலை போன்ற செடிகளின் மயிரிழை வேர்களுக்குள் புகுந்து வாழும் வகை இன்னொன்று. இரண்டுக்கும் சர்க்கரை தருவது செடி. பதிலுக்குத் தழைச்சத்து செடிக்குப் போகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு பெரியது என்பதை வடக்கு ஸ்வீடனில் பைன் மரங்களின் பட்டையை வளையமாக உரித்துச் செய்த சோதனை காட்டியது (2001-இல் வெளியானது). இலையிலிருந்து வேருக்குச் சர்க்கரை போவது நின்றதும், மண்ணிலிருந்து வெளிவரும் கரியமில வாயு 5 நாளில் 37 சதவீதம் வரையும், ஓரிரு மாதத்தில் 54 சதவீதம் வரையும் குறைந்தது. மண்ணின் மூச்சில் பாதி, அந்த வாரம் இலை சமைத்த உணவை நம்பியிருந்தது என்று பொருள். மரத்தை வெட்டியதும் முதலில் பட்டினி கிடப்பது இந்தப் பூஞ்சைகள்தான். மட்கு நிறைய இருந்தாலும் அவற்றுக்குப் பயனில்லை. அதை உடைக்கும் நொதிகளைச் செய்யவே மரத்தின் சர்க்கரை வேண்டும்.

பாசிக்கும் தனிக் கூட்டாளி உண்டு. இறகுப்பாசியின் இலைமடிப்பில் நீலப்பச்சை பாக்டீரியாக்கள் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கின்றன. வடக்கு ஸ்வீடன் காடுகளில் அளந்தது, ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 1.5 முதல் 2 கிலோ. வயல் கணக்கில் அற்பம். தழைச்சத்து வரவே இல்லாத காட்டில் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்தால் அதுவே மூலதனம். உரம் விழுந்தால் இந்த வேலை மங்கிவிடும். பாசியை உரித்தால் அடியோடு நிற்கும்.

ஆக, மரம் வெட்டிய துண்டிலும் வழித்த துண்டிலும் உயிர்கள் மாறியதற்குக் காரணம் வெப்பம் மட்டும் அல்ல. உணவு தருபவர் மாறினார், அமிலத்தன்மை மாறியது, நீர் நிற்கும் மட்டம் மாறியது. தானாக முளைத்து வந்த பிர்ச்சும் வில்லோவும் வேறு வகை இலைக்குப்பையைக் கொட்டின. இந்த நான்கையும் அளக்காமல் டி.என்.ஏ. பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு "சூடானதால் இன்ன பாக்டீரியா கூடியது" என்று எழுதுவது அவசர முடிவு.

மண்ணுயிரை மட்டும் மாற்றிப் பார்த்தபோது

உயிர்ப்பட்டியல் மாறினால் செடிக்கு என்ன என்ற கேள்விக்கு, அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட வேலை நேராகப் பதில் தேடியது. இதே துண்டுகளின் மேல்மண்ணிலிருந்து எடுத்த உயிர்களை ஊட்டி, புளூபெர்ரி, லிங்கன்பெர்ரி உட்பட 5 வகை வடநிலச் செடிகளை வளர்த்தார்கள். மரம் வெட்டியோ வழித்தோ குலைந்த மண்ணின் உயிர்களைப் பெற்ற செடிகள், குலையாத மண்ணின் உயிர்களைப் பெற்றவற்றைவிடக் குறைவாகவே வளர்ந்தன.

இத்தகைய ஊட்டச் சோதனையைத் திரும்பச் செய்ய விரும்புவோர் கவனிக்க வேண்டியது, ஊட்டும் மண்ணின் அளவு. தொட்டியின் பாதியை அந்தந்தத் துண்டின் மண்ணால் நிரப்பினால், உயிரோடு சத்தும் அமிலமும் சேர்ந்தே வந்துவிடும். எது வேலை செய்தது என்று தெரியாது. எல்லாத் தொட்டியிலும் ஒரே கிருமிநீக்கிய கலவையைப் போட்டு, மொத்தக் கனஅளவில் 5 முதல் 10 சதவீதம் மட்டும் உயிருள்ள மண்ணைச் சேர்க்க வேண்டும். கூடவே அதே மண்ணைக் கிருமிநீக்கி ஊட்டிய தொட்டிகளும் வேண்டும். கிருமிநீக்கத்துக்கு ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 1 மணி நேரம், ஒருநாள் இடைவெளி, மறுபடி 1 மணி நேரம். இடைவெளி எதற்கு என்றால், முதல் சூட்டில் தப்பிய வித்துகள் அந்த ஒருநாளில் முளைத்து இரண்டாம் சூட்டில் மாட்டும். மட்கு நிறைந்த மண்ணை இப்படி அவித்தால் அம்மோனியமும் மாங்கனீசும் திடீரென விடுபடும். அவித்த மண்ணை இரண்டு மூன்று முறை நீர்விட்டு வடிக்காமல் நட்டால், "உயிரில்லாத மண்ணில் செடி நன்றாக வளர்ந்தது" அல்லது "கருகியது" என்ற பொய்யான முடிவு கிடைக்கும்.

டெல்டா ஜங்ஷன்

ஃபேர்பேங்க்ஸுக்குத் தென்கிழக்கே சுமார் 160 கிலோமீட்டரில் டெல்டா ஜங்ஷன். 1978-இல் அலாஸ்கா அரசு அங்கே சுமார் 60,000 ஏக்கர் காட்டை 22 பெரும் பண்ணைகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் விற்றது. பார்லி விளைத்து ஏற்றுமதி செய்வது திட்டம். ஏற்றுமதி நடக்கவில்லை; பொருளாதாரக் கதையை இங்கே விட்டுவிடலாம். மண்ணுக்கு நடந்ததுதான் நம் பொருள்.

புல்டோசர்கள் ஒடிந்த மரத்தோடு பாசியையும் மட்கையும் சேர்த்துத் தள்ளி, வயலோரம் நீண்ட வரிசைகளாகக் குவித்தன. உயிரும் சத்தும் அடர்ந்த மேலடுக்கு அந்தக் குவியலுக்குள் போய், பின்பு பெரும்பகுதி எரிந்தது. வயலில் எஞ்சியது மெல்லிய வண்டல். பல இடங்களில் அதன் கீழே சரளை. காற்று பலமான அந்தச் சமவெளியில் மூடாக்கு இல்லாத வண்டல் பறந்தது.

வயலின் நுண்ணுயிர் உலகம் காட்டினுடையதிலிருந்து மூன்று வகையில் வேறுபடும். சுண்ணாம்போ சாம்பலோ விழுந்து பி.எச். 6-ஐ நெருங்கினால், அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் உயிர்கள் பெருகும். காட்டு மட்கில் இவற்றுக்குப் பெரிதாக வேலை இல்லை. வேர்நுனிக்கு உறையிடும் பூஞ்சைகள் போய், பார்லி வேருக்குள் நுழையும் வேறு வகை வேர்ப்பூஞ்சைகள் மெல்ல வரும். புதிதாகத் திருத்திய நிலத்தில் இவற்றின் வித்து குறைவு என்பதால் முதல் சில பயிருக்கு மணிச்சத்தை (பாஸ்பரஸ்) விதைக்கு அருகிலேயே வைக்க வேண்டியிருக்கிறது. அலாஸ்காவில் பெயர்பெற்ற முட்டைக்கோசை முதல் பயிராகப் போட்டால் நிலைமை மேம்படாது. கடுகுக் குடும்பம் இந்தப் பூஞ்சையோடு சேர்வதில்லை. மூன்றாவது, உணவு ஆண்டுக்கு ஒரே தவணையாக, அறுவடைக்குப்பின் வைக்கோலாக, மண் குளிரத் தொடங்கும் நேரத்தில் வந்து சேர்கிறது.

அளவையில் பிசகும் இடங்கள்

காடு–வயல் ஒப்பீடுகளில் தவறு பெரும்பாலும் கருவியில் நேர்வதில்லை. மண் எடுக்கும் முன்பே, இடத்தைத் தேர்வதில் நேர்கிறது. விவசாயி நல்ல நிலத்தைத்தான் முதலில் திருத்துவார்: தெற்குச் சரிவு, பிர்ச் நிற்கும் இடம், உறைமண் இல்லாத மண். அந்த வயலை எதிரே உள்ள கறுப்பு ஸ்புரூஸ் சதுப்போடு ஒப்பிட்டால், உழுவதற்கு முன்பிருந்தே இருந்த வேறுபாட்டை உழவின் தலையில் கட்டுவதாகும். ஒரே சரிவு, ஒரே வண்டல் ஆழம், வேலிக்கு இருபுறம் என்று இணைகளாகத் தேர வேண்டும். குறைந்தது 5 இணைகள். ஒரே வயலில் 30 இடத்தில் எடுத்தாலும் அது ஒரு வயல்தான். ஃபேர்பேங்க்ஸ் துண்டுகளுக்கும் இந்த வரம்பு பொருந்தும். ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு துண்டுதான் இருக்கிறது.

அடுத்து, கிராமா சதுர மீட்டரா என்ற கேள்வி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காட்டு மட்கின் பருமன் அடர்த்தி (இடுக்குக் காற்றோடு சேர்த்த கனஅளவுக்கு உலர்ந்த எடை) 1 கன சென்டிமீட்டருக்கு 0.08 கிராம், நுண்ணுயிர்க் கரிமம் (நுண்ணுயிர்களின் உடம்பில் உள்ள கரிமம்) கிராமுக்கு 8 மில்லிகிராம் என்று கொள்வோம். வயல் மண் 1.1 கிராம் அடர்த்தி, 0.6 மில்லிகிராம். கிராமுக்குப் பார்த்தால் காடு 13 மடங்கு செழிப்பு. 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 1 சதுர மீட்டரில் காட்டு மட்கு 8 கிலோ, அதில் நுண்ணுயிர்க் கரிமம் 64 கிராம். வயல் மண் 110 கிலோ, அதில் 66 கிராம். இரண்டும் ஒன்றே. இரு எண்களையும் தராத அட்டவணையை நம்பக்கூடாது. பருமன் அடர்த்திக்குப் பாசி மெத்தையில் உருளைக் குழாயை அடித்து இறக்கினால் மெத்தை நசுங்கி எண் கெடும். ரம்பக் கத்தியால் 20×20 சென்டிமீட்டர் கட்டியாக அறுத்து, நான்கு பக்க உயரத்தையும் அளந்துகொள்வதே சரி.

எடுத்த மண்ணை டி.என்.ஏ.வுக்கு என்றால் அங்கேயே உலர்பனியில் வைத்து, பின்பு மைனஸ் 80-க்கு மாற்ற வேண்டும். செயல்பாடு அளக்க என்றால் உறைய வைக்காமல் 4 டிகிரியில் வைத்து, 3 நாளுக்குள் தொடங்க வேண்டும். காட்டு மண்ணில் தாமதம் குறிப்பாகக் கெடுதல்: அறுபட்ட வேர்நுனிப் பூஞ்சை பையிலேயே செத்து மற்ற பாக்டீரியாவுக்கு உணவாகி, பூஞ்சை குறைவாகவும் மூச்சு அதிகமாகவும் காட்டும். வயல் மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கலாம். மட்கு அதில் இறங்காது. தேய்த்து இறக்காமல், வேரைக் கையால் பொறுக்கி 4 மில்லிமீட்டர் சல்லடையைப் பயன்படுத்துங்கள்.

நுண்ணுயிர்க் கரிமத்துக்குக் குளோரோஃபார்ம் புகையூட்டல் இன்றும் நம்பகமான வழி: 24 மணி நேரம் புகையூட்டி, 0.5 மோலார் பொட்டாசியம் சல்பேட்டில் அரை மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, புகையூட்டாத இணையைக் கழித்து, 0.45-ஆல் வகுப்பது. வயல் மண்ணுக்கு 1 பங்குக்கு 4 பங்கு கரைசல் போதும். மட்கு அதைப் பஞ்சுபோல் குடித்துவிடும் என்பதால் 1-க்கு 20 வேண்டும். வடிகட்டியதை 4 டிகிரி குளிர்பெட்டியில் வைத்தால் குப்பியின் அடியில் உப்புப் படிகம் சேரும். அந்தக் குளிரில் 0.5 மோலார் அளவு முழுக்கக் கரைந்து நிற்காது. அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து முழுதும் கரைத்த பிறகே அளக்க வேண்டும்.

மூச்சு அளவையில் 25 டிகிரியில் வைப்பது பழக்கம். பாசிக்குக் கீழுள்ள மண் ஜூலையிலும் 10 டிகிரியைத் தாண்டுவது அரிது; அதை 25-இல் வைத்தால் அங்கே நடக்காத ஒன்றைத்தான் அளக்கிறோம். 10, 4, மைனஸ் 2 ஆகிய மூன்றில் வையுங்கள். மைனஸ் 2 அவசியம். மண்துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் உறையாமல் நிற்பதால் மைனஸ் 5-இலும் அலாஸ்கா மண்ணில் மூச்சு அளக்கப்பட்டிருக்கிறது. சைபீரிய உறைமண்ணில் மைனஸ் 20 வரை செயல்பாடு பதிவாகியிருக்கிறது. ஆண்டில் பாதிக்கு மேல் பனிமூடிய ஊரில் இந்த மெல்லிய மூச்சைக் கூட்டினால் சிறிய தொகை வராது. மைனஸ் 2-இல் சோடியம் ஹைட்ராக்சைடு குப்பியை உள்ளே வைத்து வாயுவைப் பிடிக்க முயன்றால், 0.5 மோலார் கரைசல் அந்த வெப்பத்துக்குச் சற்று முன்பே உறையத் தொடங்கும். பூஜ்ஜியத்தை ஒட்டி எண் வந்தால் உயிர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூடியில் ரப்பர் அடைப்பு வைத்து, ஊசியால் காற்றை உறிஞ்சி வாயு அளவியில் பார்க்க வேண்டும்.

டி.என்.ஏ. விஷயத்தில் இரண்டே குறிப்புகள். மட்கின் பழுப்பு அமிலங்கள் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையை நிறுத்திவிடும், சாற்றை 10 மடங்கு நீர்த்து, மாட்டுச் சீரப் புரதம் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். இன்னொன்று, செத்த உயிர்களின் டி.என்.ஏ.: பல இடத்து மண்களை ஆராய்ந்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில் மண் டி.என்.ஏ.வில் சராசரி 40 சதவீதம் இப்படி எஞ்சிக் கிடந்தது. குளிர் அதைச் சிதையாமல் காக்கும். திருத்திச் சில ஆண்டே ஆன வயலில் காட்டுப் பூஞ்சையின் பெயர் பட்டியலில் வந்தால், அது உயிரோடு இருக்கிறது என்று எழுதும் முன், செத்தபின் விரைவில் சிதையும் ஆர்.என்.ஏ.வையும் பார்க்க வேண்டும்.

வைக்கோலும் தழைச்சத்தும்

பார்லி வைக்கோல் ஹெக்டேருக்கு 3 டன் மடக்கி உழுதால் சுமார் 1,350 கிலோ கரிமம் மண்ணுக்குள் போகும். அதோடு போகும் தழைச்சத்து 15 கிலோதான். நுண்ணுயிர்கள் அந்தக் கரிமத்தில் 35 சதவீதத்தை உடம்பாக்கினால் 470 கிலோ. 10-க்கு 1 என்ற விகிதத்தில் 47 கிலோ தழைச்சத்து வேண்டும். பற்றாக்குறையான 32 கிலோவை மண்ணிலிருந்தும் உரத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும். சூடான நாட்டில் செத்த உயிர்கள் சில மாதத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். இங்கே மே நடுவில் விதைக்கும்போது மண் 5 டிகிரியில் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் அறுவடை. திருப்பம் பயிருக்கு எட்டும் முன்பே பருவம் முடிந்துவிடலாம். வைக்கோலை மேலேயே விட்டால் இந்த இழுப்பு மெதுவாக நடக்கும், காற்றரிப்பும் குறையும். மண் சற்றுத் தாமதமாகச் சூடாகும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை. டெல்டா போன்ற காற்றடிக்கும் இடத்தில் அந்த விலை நியாயமானது என்றே கருதுகிறோம்.

இலையுதிர் காலத்தில் யூரியா இடுவதை எதிர்க்கிறோம். மண் உறையும்வரை, உறைந்த பின்னும் சற்றுக் காலம், அது நைட்ரேட்டாகிக்கொண்டே இருக்கும். வசந்தத்தில் மேல் சில சென்டிமீட்டர் உருகும்போது அடியில் உறைந்த அடுக்கு நீரை இறங்கவிடாது. சேறான அந்த வாரங்களில், பனியில் செத்த உயிர்களின் உடற்சாறு உணவாகக் கிடைக்க, நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தீர்த்துவிடும். அந்த வாரங்களில் நைட்ரஸ் ஆக்சைடு திடீரென எழுவது குளிர்நில வயல்களில் பலமுறை அளக்கப்பட்டது. விதைப்போடு, விதைக்கு 5 சென்டிமீட்டர் பக்கத்திலும் கீழேயுமாக வரிசையில் இடுவதே முறை. வைக்கோலைத் தின்னும் உயிர்களிடமிருந்தும் அது தள்ளி இருக்கும்.

புதிதாகத் திருத்துவதானால்

முதல் வேலை ஆய்வுக்குழி. 2 மீட்டராவது துளைத்துப் பார்த்து, பனிக்கட்டி ஆப்புகள் (உறைமண்ணுக்குள் ஆப்பு வடிவில் இறங்கிய பெரும் பனிக்கட்டிகள்) தென்பட்டால் அந்தத் துண்டைத் தொடக்கூடாது. ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் திருத்திய வயல்களில் ஆப்புகள் உருகி, 3 முதல் 15 மீட்டர் அகல மேடுகளும் அவற்றிடையே பள்ளங்களுமாக நிலம் சீரழிந்தது. 1954-இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் இதைப் பதிவுசெய்திருக்கிறது. சில மேடுகள் 2 மீட்டருக்கு மேல் உயரம். அதில் டிராக்டர் ஓடாது.

ஆப்பு இல்லாத நிலத்தில், தரை உறைந்திருக்கும்போது மரத்தை ஒடித்தெடுக்க வேண்டும். அப்போது மட்கு தரையோடு ஒட்டியிருக்கும், மரம் மட்டும் போகும். மட்கைக் குவியலுக்குத் தள்ளாமல் கனிம மண்ணோடு கலக்கும்படி ஆழம் குறைத்து வட்டக் கலப்பை ஓட்டுங்கள். கலந்தபின் ஒரு கோடை தரிசாக விட்டால் சிதைவு தொடங்கி, அடுத்த மேயில் தழைச்சத்து இழுப்பு தணியும். அந்தத் தரிசில் ஓட்ஸையாவது விதைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெற்று மண் காற்றோடு போகும். உருளைக்கிழங்கு திட்டத்தில் இருந்தால் சுண்ணாம்பை அளவோடு நிறுத்துங்கள். சொறிநோய் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா பி.எச். 5.2-க்குக் கீழே அடங்கியிருக்கும், ஏறினால் கிழங்கில் தெரியும். வயலின் காற்றுவாக்கில் ஆல்டர் மரவரிசை ஒன்றை வெட்டாமல் விடலாம். அதன் வேர்முடிச்சில் உள்ள ஃபிராங்கியா பாக்டீரியா தழைச்சத்தைப் பிடிக்கும். மரம் மண்ணைப் பிடிக்கும். திருத்தும் முன்பே வயலிலும் அதே சரிவின் காட்டிலும் எடுத்த மண்ணை, இடம், ஆழம், பருமன் அடர்த்தி, பி.எச். குறித்து, மைனஸ் 80-இல் ஒரு தொகுதி எடுத்துவையுங்கள். பிந்தைய ஆண்டுகளில் ஒப்பிட வேறெங்கிருந்தும் அது கிடைக்காது.